சூட்டிக்கு முழுப்பேர்: அட்டனில் ஒரு மிருக வைத்தியசாலை

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல மனம் வராது.

உட்கார இடம் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாங்கு, அவ்வளவுதான். கூரைத் தகரம் வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. ஆறாவது ஏழாவது ஆளாகப் போனால் ரோட்டோரம் குடை பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஜூன் மாதத்து அட்டன் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பூனைக்காரர்களுக்கும் நாய்க்காரர்களுக்கும் ஒரே வரிசை. ஒருநாள் ஒரு சாம்பல் பூனை கூடையை உடைத்துக்கொண்டு மருந்து அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. அதை இறக்க அரை மணித்தியாலம் ஆனது, அதுவரை ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அடுத்தது போன். எடுக்கவே மாட்டார்கள். ஒன்பது தடவை அடித்தாலும் எடுக்க ஆள் இல்லை. பற்றுச்சீட்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். நான் போன நாட்களில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். மருந்தை எத்தனை வேளை கொடுப்பது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன?

வைத்தியசாலையின் பெயரை நான் போடவில்லை. எழுதப்போகிறேன் என்று சொன்னதும் டொக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். இப்போது வருகிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். அட்டன் டவுனில் நாயோடு நிற்கிற யாரையாவது கேளுங்கள், காட்டுவார்கள்.

இனி எங்கள் நாய் சூட்டியைப் பற்றி.

2012இல் ஒரு மழைநாளில் அம்மா கொழுந்துக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. தேயிலைச் செடிக்குக் கீழே கிடந்ததாம். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை பார்த்தால் கூடைப்பாரம் கூடிப்போச்சு என்று ஏசுவார் என்று கொழுந்துக்கு அடியில் மறைத்து, மத்தியான நிறுவைக்கு முன்னால் வெளியே எடுத்து, இடுப்பில் கட்டுகிற படங்கில் சுற்றி வைத்திருந்தார். சிங்களத்தில் சூட்டி என்றால் சின்னது. டிக்கோயா பஸ்ஸில் டிக்கட் போடுகிற ஒருவர் குட்டியைப் பார்த்துச் செல்லமாகக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்தபோது 17 கிலோ. பெயர் மட்டும் சின்னதாகவே இருந்தது.

அம்மா தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் அதுவும் போகும். நிரை பிடித்து ஏறுகிறபோது அடியில் உட்கார்ந்திருக்கும். மேலே தொங்கலுக்கு, அதாவது நிரையின் முடிவுக்கு, போய்ச் சேர்ந்ததும் ஒரே ஓட்டமாக மேலே வந்து நிற்கும். இரவில் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், படுக்க விடமாட்டோம். எங்கள் பக்கத்தில் சிறுத்தை இறங்கும், எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகள்) இரண்டு வீட்டு நாய்களைத் தூக்கிப் போயிருக்கிறது. அதனால் காம்பராவுக்குள்ளே, அதாவது அறைக்குள்ளே, என் மகனின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கை. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் எண்ணெய்க் கானுக்குப் பக்கத்தில் காவலுக்கு இருந்ததும் அதுதான். கானை வைத்துவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், இடம் போகாது. அந்த வருடம் பால்மா கிடைக்கவில்லை, அதற்கு ரொட்டியும் பருப்புத் தண்ணியும்தான். ஒரு குறையும் சொல்லவில்லை.

2025 ஏப்ரல் கடைசியில், புதுவருட விடுமுறை முடிந்த வாரம், சாப்பிடாமல் படுத்தது. மூக்கு சுட்டது. அடுத்த நாள் மூத்திரம் கறுத்த சாயத்தண்ணி நிறத்தில் போனது. மாமா அவருடைய மருந்துப் பையிலிருந்து பரசிட்டமோல் ஒன்றை எடுத்து, பாதி உடைத்து, ரொட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். நல்லெண்ணம்தான். அதற்கடுத்த நாள் வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரு ஊசி போட்டு 3,500 ரூபா வாங்கினார்கள். என்ன ஊசி என்று கேட்டேன். "காய்ச்சலுக்கு" என்றார்கள். காய்ச்சல் என்று எனக்கும்தானே தெரியும்.

நான்காம் நாள்தான் இந்த டொக்டர். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். நோர்வூட்டிலிருந்து போகவர ஆட்டோவுக்கு 4,000 ரூபா. டொக்டருக்குக் கொடுத்ததைவிட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம் என்ற நாட்களும் உண்டு. தூரத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் மேசையில் இருந்த பிள்ளை ஒரு அட்டையை எடுத்து, "பேர் என்ன?" என்றாள். அம்மா தன் பெயரைச் சொல்லத் தொடங்கினார். கூடவே தோட்டத்துப் பெயர், டிவிஷன், செக்ரோல் (வேலைப் பதிவேடு) நம்பர் எல்லாம் வரிசையாக வந்தது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். "இல்லம்மா, நாய்ட பேர்" என்றாள் அவள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாயின் பெயரை எழுத ஒரு அட்டையா என்கிற பார்வை. அப்புறம் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னார்: "சூட்டி."

டொக்டர் சிங்களவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசி வந்த தமிழ். 'சாப்பிடுது?', 'வாந்தி இருக்கு?', 'நிறம் எப்படி?' என்ற அளவில் ஓடும், அதற்கு மேல் போனால் சிங்களம். அட்டையைப் பார்த்தார், மேசையை அடைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தார். "இதுவா சூட்டி?" என்று சிரித்துக்கொண்டே உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ஈறு வெள்ளையாக, உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. சுகமான நாய்க்கு அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டுமாம். பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் ஓரிரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். இதை வீட்டிலேயே யாரும் பார்க்கலாம் என்று என் விரலைப் பிடித்து அழுத்த வைத்தார். திரும்புவதற்கு நிறமே இல்லை.

பிறகு காதுமடல்களை மடித்து, விரலிடுக்குகளை விரித்துத் தேடினார். மூன்று உண்ணி எடுத்தார். அட்டை கடித்தால் இரத்தம் வழியும், உடனே தெரிந்துவிடும், உப்பைப் போட்டு எடுத்துவிடுவோம். உண்ணியை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அங்கேதான் தப்பு.

"வீட்டில மனுசர் மருந்து ஏதும் குடுத்தீங்களா?"

யாரும் வாய் திறக்கவில்லை. மாமா கூரையைப் பார்த்தார். என் மகன்தான் சொன்னான், ஒன்பது வயது, ஒளிக்கத் தெரியாது: "தாத்தா பாதி குளிசை குடுத்தார்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பாதி என்பதால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் கூடினால் நாயின் ஈரல் கெட்டுப்போகும், பூனை என்றால் ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும் என்று மாமாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். மாமா அன்றைக்கே தன் மருந்துப் பையைப் பரணில் ஏற்றிவிட்டார். இப்போது லயத்தில் யார் வீட்டுப் பூனை தும்மினாலும் போய் அதே வசனத்தைச் சொல்லிவிட்டு வருகிறார்.

இந்த இடத்துக்கு நான் நட்சத்திரம் கொடுப்பதற்கு முதல் காரணம் அடுத்து நடந்தது. காதின் ஓரத்தில் ஊசியால் ஒரு குத்து. வந்த துளியை ஒரு கண்ணாடித் துண்டில் ஏந்தி, இன்னொரு கண்ணாடித் துண்டின் விளிம்பால் ஒரே இழுப்பு. தோசைக்கல்லில் மாவைத் தேய்ப்பதைவிட மெல்லிசாக வந்தது. காய விட்டு, ஊதா நிறச் சாயத்தில் முக்கி, கழுவி, நுணுக்குக்காட்டியில் வைத்தார். தான் பார்த்ததோடு விடவில்லை. எங்களைக் கூப்பிட்டார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டி ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியாது. ஆக ஆசிரியை நானும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். இளஞ்சிவப்பு வட்டங்கள், நெருக்கமாக. சிலவற்றுக்குள் ஊதாவில் சின்னச் சின்னப் புள்ளி, சிலவற்றில் நுண்ணிய வளையம். மகன் ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு, "ரொட்டியில கருகின புள்ளி மாதிரி" என்றான்.

அதுதான் பபீசியா. உண்ணிக் காய்ச்சல் என்று நம்மாட்கள் சொல்வது. உண்ணி கடிக்கும்போது இரத்தத்துக்குள் போய், சிவப்பணுக்களுக்குள் குடியிருந்து, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ஒட்டுண்ணி. சிவப்பணு உடைவதால் ஈறு வெளுக்கிறது. உடைந்ததின் சாயம்தான் மூத்திரத்தில் இறங்குகிறது. இலங்கையில் நாய்களுக்கு அடிக்கடி வருவது இதில் கிப்சோனி என்ற சிறிய வகை. அது பிடிவாதக்காரக் கிருமி, ஒரு ஊசியோடு போகாது, மருந்து முடிந்தாலும் உடம்பில் ஒளிந்திருந்து திரும்ப வரலாம் என்றார். மூன்று வகைக் குளிசை. எல்லாவற்றையும் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், சாப்பிடாவிட்டால் தனக்குச் சொல்ல வேண்டும். (எப்படிச் சொல்வது, போன்தான் எடுப்பதில்லையே. இதை அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டுத் தன் கைப்பேசி இலக்கத்தை எழுதித் தந்தார். எல்லோருக்கும் தருவாரா தெரியாது.)

பார்வைக் கூலி 1,500. இரத்தப் பரிசோதனையோடு அன்றைய பில் 5,200. அப்போது, 2025இல், தோட்டத்தில் ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. 5,200 என்பது ஏறக்குறைய நான்கு நாள் மலை ஏறி இறங்குகிற வேலை. தொடங்குவதற்கு முன்னால் அவர் கணக்கைச் சொன்னார் என்பது முக்கியம். "இது இவ்வளவு. இதையும் செய்தால் இவ்வளவு. இது இல்லாமலும் மருந்து தொடங்கலாம், ஆனால் நான் குருட்டாம்போக்கில்தான் கொடுப்பேன்." தெரிந்துகொண்டு காசு கொடுப்பது வேறு, முடிந்தபிறகு பில்லைப் பார்த்து முழிப்பது வேறு.

மே நடுவில் சூட்டி எழுந்து நின்றது. மே கடைசியில் அம்மாவோடு தண்ணீர் பிடிக்கிற பீலிவரை போய்வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்துக்கு (பறித்த கிலோவுக்குக் காசு) அம்மா போனபோது பாதி மலைவரைகூடப் போனது, பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்து காத்திருந்தது. பிழைத்துவிட்டது என்றுதான் இருந்தோம்.

ஜூன் இரண்டாம் வாரம் திரும்பச் சாப்பாட்டை விட்டது. இந்தத் தடவை காய்ச்சல் இல்லை. ஆனால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வாளியில் தலையை விட்டால் எடுக்காது. குடித்ததை வாந்தி எடுக்கும். வாயில் ஒரு மாதிரி வாடை. அட்டனுக்குக் கொண்டுபோனோம், தராசில் 12 கிலோ. கண்ணாடியில் கிருமி இல்லை. அதைச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை. வேறு குழாயில் இரத்தம் எடுத்தார், முடிவு பின்னேரம் வரும் என்றார். அதுவரை எங்கே போவது? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையோரம் சூட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் நாலு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்படி நாட்களில் ஒதுங்க ஒரு மூலையாவது அவர்கள் செய்து கொடுக்க வேண்டும். குறைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரியேட்டினின் 7.8. நாய்க்கு 1.4க்குள் இருந்தால் நல்லது என்றார். ஐந்தைத் தாண்டினால் கடைசிக் கட்டம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சிறுநீரகத்தை வரைந்தார், தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இருக்கிற சல்லடை மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னார். சல்லடையில் நான்கில் மூன்று பங்கு கிழிந்த பிறகுதான் இரத்தத்தில் இந்தக் கணக்கு ஏறத் தொடங்கும், அதுவரை நாய் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். அம்மா கேட்டார்: "புதுச் சல்லட போட ஏலாதா டொக்டரையா?" ஏலாது என்றார். சுற்றி வளைக்கவில்லை.

உண்ணிக் காய்ச்சலால்தானா என்று கேட்டேன். மாமாவின் அரைக் குளிசையா, நாங்கள் மூன்று நாள் பிந்திப் போனதா, அந்த முதல் இடத்து ஊசியா? எனக்கு யாரையாவது பிடிக்க வேண்டியிருந்தது. அவர் யாரையும் பிடித்துத் தரவில்லை. வயது பதின்மூன்று, காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அது பொய் என்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்கு எழுதித் தருகிறேன், ஸ்கான் செய்து பார்ப்பார்கள், உங்களுக்கு ஆறுதல் என்றால் போங்கள், ஆனால் முடிவு மாறும் என்று நான் நினைக்கவில்லை என்றும் சொன்னார். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அந்த வளைவுகளில் வாந்தி எடுக்கிற நாயை வேனில் கொண்டுபோவதை யோசித்தோம். போகவில்லை. இன்றைக்கும் சில இரவுகளில் போயிருக்கலாமோ என்று தோன்றும். எழுதிக் கொடுத்த கடிதம் பையிலேயே இருக்கிறது.

மூன்று நாள் சேலைன். தோலைத் தூக்கி ஊசி குத்தி, முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி தண்ணீர் ஏற்றினார்கள். ஒவ்வொரு நாளும் ஆட்டோ. காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிற வளைவு வந்ததும் முன்பெல்லாம் தலையை வெளியே நீட்டும். காதுகள் காற்றில் பறக்கும். மூன்றாம் நாள் தலையைத் தூக்கவில்லை. எடை 11 கிலோ 600.

அன்று டொக்டர் சொன்னார், இனிமேல் நான் செய்வதெல்லாம் உங்களுக்காகத்தான், அதற்காக இல்லை. அதைச் சிங்களத்தில் சொன்னார். நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கே புரிந்துவிட்டது.

"தூங்க வைக்கிறதா சொல்றாரு?" என்றார். ஆமாம் என்றேன். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை பேசவே இல்லை. இரவு அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, தானாகவே, "அங்க கொண்டுபோக வேணாம். அந்த மேசைன்னா அதுக்குப் பயம்" என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, நாயில்லாமல் நானும் அம்மாவும் மட்டும் அட்டனுக்குப் போனோம். வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டோம். கலண்டரைப் பார்த்தார், ஞாயிறு காலை ஒன்பதரை என்றார். காசு விஷயத்தை இப்போதே முடித்துவிடுவோம், நாளைக்கு அங்கே பணத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்றார். இதைச் செய்யத் தெரிந்த ஒருவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வந்துபோக, மருந்து, எல்லாம் சேர்த்து 9,000 என்று பில்லில் எழுதினார். பிறகு எங்களை ஒருதடவை பார்த்தார், அதை வெட்டினார், 4,500 என்று எழுதினார்.

அம்மாவுக்கு எழுத்து வராது, இலக்கம் வரும். பில்லை வாங்கிப் பார்த்தார்.

"என்னா டொக்டரையா, அரப்பேரு போட்டுட்டீங்க?"

அவருக்குப் புரியவில்லை. தோட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையில் ஒருநாள் வேலை ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மழையானாலும், செடியில் கொழுந்தே இல்லாவிட்டாலும், கால் வழுக்கி விழுந்தாலும் அரைப்பேர்தான். அம்மா முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை அரைப்பேர் வாங்கியிருப்பார் என்று கணக்கில்லை. நான் சிங்களத்தில் விளக்கிச் சொன்னேன். விலையைக் குறைத்ததற்குச் சந்தோஷப்படாமல் இந்த அம்மா ஏன் கோபிக்கிறார் என்று அவர் தடுமாறியது தெரிந்தது.

அம்மா மணிப்பர்சைத் திறந்து கைக்காசுக் கொழுந்துப் பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். எல்லாம் நூறும் ஐந்நூறும். "எங்க சூட்டிக்கு அரப்பேரு வேணாங்க. முழுப்பேரே போடுங்க."

டொக்டர் 4,500ஐ வெட்டி, பக்கத்தில் மறுபடி 9,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வெட்டு விழுந்த அந்தப் பில் எங்களிடம் இருக்கிறது.

ஞாயிறு, ஜூன் 22. இவர், என் கணவர், வெள்ளி இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்திருந்தார். சனி பின்னேரமே மாமாவும் இவரும் குழி வெட்டிவிட்டார்கள். டொக்டர் சொல்லி அனுப்பியபடிதான் வெட்டினார்கள். போடுகிற மருந்து உடம்பிலேயே தங்கும், காட்டுப்பன்றியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். அதனால் நாலடி ஆழம், மேலே கல், தண்ணீர் எடுக்கிற பக்கம் வேண்டவே வேண்டாம். பீலிக்கு எதிர்ப்பக்கம், மரக்கறிப் பாத்திக்கு மேலே, பழைய கொய்யா மரத்தடி. மலைநாட்டு மண்ணில் இரண்டடிக்குக் கீழே கல்தான். மாமாவின் கை இரண்டு நாள் வீங்கியிருந்தது.

டொக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு மழைக்குள் படியேறி வந்தார், எங்கள் லயத்துக்கு எழுபத்திரண்டு படி. இஸ்தோப்பில் சப்பாத்தைக் கழற்றினார். அம்மா கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்தார். அவசரப்படவில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் ஊசி தொடையில், அது சாதாரணத் தூக்கம். பத்து நிமிடத்தில் நன்றாகத் தூங்கிவிடும், அதற்குப் பிறகு நாங்கள் செய்வது எதுவும் அதற்குத் தெரியாது. இரண்டாவது முன்னங்கால் இரத்தக் குழாயில். மூச்சு நிற்கும், பிறகு இதயம் நிற்கும். கண் மூடாது. நாய்க்குக் கண் திறந்தேதான் இருக்கும், பயப்படாதே. எல்லாம் முடிந்தபிறகும் ஒருதடவை மூச்சு இழுக்கிற மாதிரி வரலாம், அது தசை செய்கிற வேலை, உயிர் இல்லை. "வலிக்குமா?" என்றான் மகன். முதல் ஊசி மட்டும், உனக்குப் போட்ட தடுப்பூசி அளவுக்கு என்றார்.

சூட்டி அம்மாவின் மடியில் கிடந்தது. கீழே அந்தப் படங்குதான், அம்மா இடுப்பில் கட்டுவது, கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்துப்போனது. முதல் ஊசிக்குக் காது மட்டும் ஒருதடவை ஆடியது. கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. அம்மாவின் முழங்காலிலிருந்து சரிந்ததை அவர் கையால் தாங்கித் திரும்ப மடியில் வைத்தார். முன்னங்காலில் தீப்பெட்டி அளவுக்கு மயிரை மழித்தார். அங்கே தோல் இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று பதின்மூன்று வருடமாக எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது ஊசியை மெதுவாகத்தான் தள்ளினார். பாதி உள்ளே போவதற்குள் வயிற்றின் ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கனநேரம் கேட்டார். தகரத்தில் மழைச் சத்தம். எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். நிமிர்ந்து தலையை அசைத்தார்.

சொன்னது போலவே ஒரு மூச்சு வந்தது. நான் திடுக்கிட்டுவிட்டேன். மகன்தான் என் கையைப் பிடித்து, "அது தசைம்மா" என்றான்.

இவருக்குத்தான் தாங்கவில்லை. வெளியே போய் விறகடுக்குக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். வருடத்துக்கு ஆறேழு தடவை வீட்டுக்கு வருகிறவர், படி முனையில் இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடுவது அதுதான்.

டொக்டர் உடனே கிளம்பவில்லை. படங்கில் சுற்றுகிறவரை இருந்து, குழிவரை வந்து ஆழத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அம்மா தோட்டத்தில் கொடுக்கிற தேயிலைத் தூளில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். வாங்கு, தகரம், தமிழ்த் துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை நட்சத்திரம்தான் குறைக்கலாம் என்றிருந்தேன். மற்ற அரை, ஓகஸ்ட் மாதம் வந்த ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு. சூட்டிக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற திகதி வந்துவிட்டது, கொண்டு வரவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கணினி தானாக அனுப்புவது, எனக்குத் தெரியும். ஆனால் என் போனில் விளையாடிக்கொண்டிருந்த மகன்தான் அதை முதலில் வாசித்தான். செத்துப்போனவற்றின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு நிமிடம் ஆகுமா?

இதை டொக்டருக்கு ஒரு வரியில் அனுப்பினேன். மறுநாள் காலை, முதல் நாள் அட்டை எழுதிய அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். ஒன்பது தடவை அடித்தாலும் எடுக்காதவர்கள் தாங்களாகவே எடுத்தது அன்றைக்குத்தான். மன்னிப்புக் கேட்டாள். அட்டையை என்ன செய்வது, கிழித்துவிடவா என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டேன். கிழிக்க வேண்டாம், வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். போன மாதம் சம்பளச் சாமான் வாங்க அட்டனுக்குப் போன அன்று வாங்கிக்கொண்டு வந்தோம். சேமலாப நிதிக் கடதாசிகள் இருக்கிற பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள். மேசையில் விரிக்க வீட்டு வாசனையுள்ள ஒரு பழைய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள், இரும்பு மேசை சில்லென்று இருக்கும். காலை எட்டரைக்கு முன்னால் போனால் வாங்கில் இடம் கிடைக்கும். ஞாயிறு பூட்டு. மனுசருக்கான குளிசை ஏதாவது கொடுத்திருந்தால் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.